பர்மிட் முடிய இன்னும் எத்தனை நாள்? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். வெளிநாட்டில் வேலை இருக்கிறது, செய்கிற வேலையில் யாருக்கும் குறை இல்லை, ஆனால் பர்மிட்டில் அச்சாகியிருக்கும் தேதி நெருங்கிக்கொண்டே வருகிறது. என்னென்ன வழி உண்டு என்று இரண்டு பக்கம் கேட்கிறவர்கள், இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பதைக் கடைசி வரியில்தான் எழுதுகிறார்கள், சிலர் எழுதுவதே இல்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். பல நாடுகளில் தேதிக்கு முதல்நாள் விண்ணப்பித்தவருக்குச் சட்டம் கொடுக்கிற இடத்தை, மறுநாள் விண்ணப்பித்தவருக்குக் கொடுப்பதில்லை.

பெயர்களை எடுத்துவிட்டேன். அவசரமான இரண்டு பேருக்குத் தனியாகவும் பதில் எழுதியாயிற்று.

அக்கா, இரண்டு வருட டிப்ளமோ முடித்து, மூன்று வருட பி.ஜி.டபிள்யூ.பி-யில், அதாவது படிப்பு முடித்தவர்களுக்கான ஒர்க் பர்மிட்டில், வேலை பார்க்கிறேன், ஒரு கிடங்கில் ஷிப்ட் சூப்பர்வைசர். நான்கு மாதத்தில் பர்மிட் முடிகிறது. பி.ஆர், அதாவது நிரந்தர வசிப்புரிமை கிடைக்க, புள்ளி பார்த்து அழைக்கிற எக்ஸ்பிரஸ் என்ட்ரி பூலில் இருக்கிறேன், அழைப்பு வரவில்லை. ஒருவர் எல்.எம்.ஐ.ஏ வாங்கித் தருகிறேன், புள்ளியும் ஏறும் என்று பெரிய தொகை கேட்கிறார். வீட்டில் கடன் வாங்கியாவது கொடுக்கலாம் என்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், பிராம்டன், கனடா

கொடுக்காதீர்கள் தம்பி. மற்றதெல்லாம் அப்புறம்.

எல்.எம்.ஐ.ஏ என்பது, இந்த வேலைக்கு இங்கே ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி அரசிடம் காட்டி வாங்குகிற ஒப்புதல். ஒரு பணியிடத்துக்கு 1,000 டாலர் கட்டணம், அதை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் திரும்ப வாங்கக் கூடாது என்பது விதி. அவர் சொல்கிற புள்ளிக் கணக்கு இன்னும் மோசம். வேலை வாய்ப்பு கையில் இருந்தால் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் 50 புள்ளி, மேல்மட்ட நிர்வாகப் பதவி என்றால் 200 புள்ளி கிடைத்துக்கொண்டிருந்தது உண்மைதான், ஆனால் 2025 மார்ச் 25-ம் தேதி அதை எடுத்துவிட்டார்கள். இல்லாத புள்ளியை உங்களிடம் விற்கப் பார்க்கிறார். அந்த வேலை காகிதத்தில் மட்டும் இருக்கிற வேலையாக இருந்து பிடிபட்டால், பொய்த் தகவல் கொடுத்தவர் என்று 5 வருடத் தடை உங்கள் மேல்தான் விழும், வாங்கிய கடனும் அப்படியே நிற்கும்.

சரி, இனி உருப்படியான வழிகளுக்கு வருவோம். இன்றைக்கு வேலை முடிந்து வந்ததும் பாஸ்போர்ட்டையும் பர்மிட்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பி.ஜி.டபிள்யூ.பி வாழ்நாளில் ஒருமுறைதான், நீட்டிப்பு கிடையாது என்பது பொது விதி, ஆனால் ஒரு விலக்கு உண்டு. பர்மிட் கொடுத்த சமயத்தில் உங்கள் பாஸ்போர்ட் சீக்கிரம் முடிவதாக இருந்திருந்தால், பாஸ்போர்ட் முடிகிற தேதியோடு பர்மிட்டையும் நிறுத்தியிருப்பார்கள். நீங்கள் மூன்று வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள், இருந்தாலும் தொடங்கிய தேதியிலிருந்து விரல் விட்டு எண்ணுங்கள். இரண்டு வருடம் எட்டு மாதம் என்று வந்தால், மிச்சம் நான்கு மாதத்தைப் புதுப் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்டு வாங்கலாம்.

பி.ஆர் முடிவு வரும் வரை வேலை செய்ய விடுகிற, எல்லோரும் பேசுகிற பிரிட்ஜிங் ஓப்பன் ஒர்க் பர்மிட்டை உங்களால் இப்போது கேட்க முடியாது. பூலில் பெயர் இருப்பது பி.ஆர் விண்ணப்பம் ஆகாது. அழைப்பு வந்து, முழு விண்ணப்பத்தையும் போட்டு, அது முழுமையாக இருக்கிறது என்று அவர்கள் சரிபார்த்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் அந்தப் பர்மிட்டுக்கு வழி. ஆக உங்கள் நான்கு மாதத்தில் முதல் இரண்டு மாதத்தைப் புள்ளிக்குச் செலவழியுங்கள். ஐஇஎல்டிஎஸ் ரிசல்ட்டை எடுத்துப் பாருங்கள். லிசனிங்கில் 8, மற்ற மூன்றிலும் 7 இருந்தால்தான் கனடாவின் மொழித் தர அளவான சி.எல்.பி-யில் 9, அங்கே படிப்புக்கும் அனுபவத்துக்கும் சேர்த்துக் கிடைக்கிற புள்ளிகள் ஒரே தாவலாக ஏறும். ரைட்டிங்கில் மட்டும் 6.5 வாங்கிவிட்டு, அது போதும் என்று இரண்டு வருடம் பூலில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும், திரும்ப ஒரு பரீட்சை எழுதியிருக்கலாமே என்று இப்போது வருத்தப்படுகிறார்கள். மாகாண நியமனம் கிடைத்தால் 600 புள்ளி, அதற்கப்புறம் அழைப்பைப் பற்றிக் கவலையே இல்லை, உங்கள் பதவி எந்த மாகாணத் திட்டத்தில் வருகிறது என்று பாருங்கள். ஒன்டாரியோவை மட்டும் பார்க்காதீர்கள்.

உங்கள் முதலாளியிடமும் நேராகக் கேளுங்கள். உண்மையான வேலைக்கு உண்மையான எல்.எம்.ஐ.ஏ போடுவதில் தப்பே இல்லை. ஆனால் அவர் குறைந்தது நான்கு வாரம் விளம்பரம் செய்ய வேண்டும், அப்புறம் பரிசீலனைக்கு வாரங்கள் ஓடும், அதனால் இந்த மாதமே கேட்டாக வேண்டும். இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. குறைந்த சம்பளப் பிரிவில் வருகிற வேலை என்றால், வேலையின்மை 6 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கிற பெருநகர வட்டாரங்களில் 2024 செப்டம்பர் முதல் பெரும்பாலான மனுக்களை எடுத்துக்கொள்வதே இல்லை. உங்கள் மணிக்கூலி எந்தப் பிரிவில் வருகிறது என்று பார்த்துக்கொண்டு கேளுங்கள், பத்து காசு வித்தியாசத்தில்கூட பிரிவு மாறும்.

பிரெஞ்சு படியுங்கள் என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். கியூபெக்குக்கு வெளியே வேலை செய்ய, பிரெஞ்சு பேசுவதிலும் கேட்பதிலும் 5-ம் நிலை இருந்தாலே எல்.எம்.ஐ.ஏ இல்லாமல் பர்மிட் கிடைக்கிற ஒரு வழி இருக்கிறது, பிராங்கோபோன் மொபிலிட்டி என்று பெயர். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனிச் சுற்று வருகிறது, அதற்கு நான்கு திறனிலும் 7-ம் நிலை வேண்டும். நான்கு மாதத்தில் இது நடக்காது, உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர மாட்டேன், ஆனால் இன்று தொடங்கினால் அடுத்த வருடம் உங்களிடம் இருக்கும். பர்மிட்டில் இன்னும் இரண்டு வருடம் இருக்கிற தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், நான் உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. எந்த வழியில் போனாலும், புது ஒர்க் பர்மிட்டுக்கான விண்ணப்பம் பழையது முடிவதற்குள் போய்விட்டால், முடிவு வரும் வரை பழைய நிபந்தனையிலேயே வேலையைத் தொடரலாம், நாட்டை விட்டு வெளியே போகாத வரை. நிராகரித்துக் கடிதம் வந்தால் அன்றைக்கே வேலையை நிறுத்த வேண்டும். அதனால் தகுதி இல்லாத விண்ணப்பத்தை நாள் கடத்துவதற்காகப் போடாதீர்கள், அது உங்கள் கோப்பில் நிற்கும். உங்கள் சின் நம்பர், அதாவது சமூகக் காப்பீட்டு எண், 9-ல் தொடங்கும், பர்மிட்டோடு சேர்ந்து அதுவும் காலாவதியாகும். புதுப் பர்மிட் வந்ததும் அதையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

என் பர்மிட் முடிந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. மனசு சரியில்லாமல் இருந்ததில் எதுவும் போடவில்லை. தெரிந்தவர் ஒருவர், கடையில் வந்து நில், கையில் காசாகத் தருகிறேன், யாருக்கும் தெரியாது என்கிறார். வாடகை கொடுக்க வேண்டும் அக்கா.
– வாசகி, ஸ்கார்பரோ, கனடா

போகாதீர்கள் அம்மா. வாடகை எவ்வளவு அழுத்தும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

2012-ல் நான் இதே நாட்டில் வேலை பார்த்தேன். நீட்டிப்பு வேலையெல்லாம் அலுவலகத்தில் ஒருவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் வங்கியில் கேட்டார்கள் என்று பர்மிட்டை ஜெராக்ஸ் எடுத்தேன். கண்ணாடி மேல் தாளைக் கவிழ்த்து, மூடியை இறக்கி, பொத்தானை அழுத்தினேன். நகல் சூடாகக் கையில் வந்தபோதுதான் அந்தத் தேதியைப் படித்தேன். எதிர்ச் சுவரில் காலண்டர். எண்ணிப் பார்த்தால் ஒன்பது நாள் தாண்டியிருந்தது. விண்ணப்பம் போகவே இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்த ஒன்பது நாளும் நான் அனுமதி இல்லாமல் வேலை செய்திருக்கிறேன், தெரியாமல் செய்தாலும் படிவத்தில் அதை ஒளிக்காமல் எழுதித்தான் ஆக வேண்டும். அன்று மத்தியானமே மேஜையைக் காலி செய்தேன். பதினோரு வாரம் சம்பளம் இல்லை. தோழி ஒருத்தியின் ஹாலில் படுத்துக்கொண்டேன். புதுப் பர்மிட் வந்து வேலைக்குத் திரும்பினேன், இன்றைக்கு என் கோப்பில் அந்த ஒன்பது நாள் ஒரு விளக்கக் கடிதமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்களுக்கும் அந்த வாசல் இன்னும் திறந்திருக்கிறது. கனடாவில் நிலை போனதிலிருந்து 90 நாளுக்குள் ரெஸ்டோரேஷன், அதாவது நிலையை மீட்டுத்தரக் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஐந்து வாரம் என்றால் 35 நாள், உங்களிடம் 55 நாள் மிச்சம். ஆனால் விண்ணப்பித்தாலும், ஒப்புதல் வந்து பர்மிட் கையில் கிடைக்கும் வரை வேலை செய்ய முடியாது, முன்கூட்டியே விண்ணப்பித்தவருக்குக் கிடைக்கிற சலுகை இதில் இல்லை. ஒர்க் பர்மிட்டாகவே மீட்க, அதற்கான தகுதியும் வேண்டும், எல்.எம்.ஐ.ஏ மாதிரி ஏதாவது ஓர் அடிப்படை. அது இல்லையென்றால் விசிட்டராக நிலையை மீட்டுக்கொள்ளுங்கள், சம்பளம் வராது, ஆனால் சட்டத்துக்கு உட்பட்டு நின்று அடுத்ததை யோசிக்க நேரம் கிடைக்கும்.

கையில் காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலை உங்கள் அனுபவக் கணக்கில் ஒரு மணி நேரம்கூடச் சேராது, அனுமதி இல்லாமல் செய்த வேலையை பி.ஆர்-க்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு வாரச் சம்பளத்தைத் தராமல் இழுத்தால் போய்க் கேட்கவும் பயமாக இருக்கும், கொடுக்கிறவருக்கும் அது நன்றாகவே தெரியும். மனசு சரியில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதையும் யாரிடமாவது பேசுங்கள். இந்த வாரம் ஒரு லைசென்ஸ் பெற்ற ஆலோசகரையோ வக்கீலையோ பாருங்கள், ஒன்டாரியோவில் வருமானம் குறைந்தவர்களுக்குச் சமூக சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன, முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள்.

மேடம், 15 வருடமாக சிங்கப்பூரில் கட்டுமான வேலை. ஒர்க் பெர்மிட் முடிய 52 நாள் இருக்கிறது. ரினியூ பண்ண இரண்டு மாதச் சம்பளம் கொடு, இல்லாவிட்டால் டிக்கெட் போட்டுவிடுவோம் என்று சூப்பர்வைசர் மூலமாகச் சொல்கிறார்கள். உன் வருடக் கணக்கும் முடிந்துவிட்டது, நாங்கள் பார்த்துச் செய்தால்தான் உண்டு என்கிறார்கள். கொடுத்துவிட்டால் நிம்மதி என்று தோன்றுகிறது.
– வாசகர், சிங்கப்பூர்

கொடுத்தால் இரண்டு வருடம் கழித்து மறுபடி கேட்பார்கள், நிம்மதி எங்கே வரும்?

முதலில் அந்த வருடக் கணக்கு. முன்பு அப்படி ஒரு வரம்பு இருந்தது. உங்களைப் போன்றவர்களுக்கு பேசிக் ஸ்கில் என்றால் 14 வருடம், ஹையர் ஸ்கில் என்றால் 26 வருடம். 2025 ஜூலை 1-லிருந்து அந்த வரம்பை மனிதவள அமைச்சு முழுதாக எடுத்துவிட்டது. வயது வரம்பையும் 63-க்கு உயர்த்தியிருக்கிறார்கள். உங்களிடம் சொன்னவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை, அந்தத் துறையில்தானே இருக்கிறார். உங்களுக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில் சொல்லியிருக்கிறார், எனக்கு அதுதான் கோபம்.

இரண்டாவது, அந்தப் பணம். வேலை கொடுப்பதற்கோ வேலையில் வைத்திருப்பதற்கோ முதலாளி தொழிலாளியிடம் பணம் வாங்குவது சிங்கப்பூரில் குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். சம்பளத்தில் பிடித்தாலும் அதேதான், சூப்பர்வைசர் கையில் கொடுக்கச் சொன்னாலும் அதேதான். லெவியும், அதாவது வெளிநாட்டுத் தொழிலாளிக்காக அரசுக்குக் கட்டுகிற மாத வரியும், முதலாளி கட்ட வேண்டியது, உங்கள் பையிலிருந்து போகக் கூடாது.

மூன்றாவதுதான் நீங்கள் உடனே கவனிக்க வேண்டியது, அதனால்தான் தனியாகவும் எழுதினேன். கட்டுமானத் தொழிலாளி, பெர்மிட் முடிவதற்கு 40 நாள் இருக்கும்போதிலிருந்து 21 நாள் இருக்கும் வரை, இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலேயே வேறு கம்பெனிக்கு மாறலாம். புது முதலாளி அந்த நாட்களுக்குள் உங்கள் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு இன்று 52 என்றால் பன்னிரண்டு நாள் கழித்து அந்த வாசல் திறக்கும், மூன்று வாரம்கூடத் திறந்திருக்காது. திறக்கும்வரை காத்திருந்து தேடக் கூடாது, திறக்கிற அன்று கம்பெனி தயாராக இருக்க வேண்டும். இந்தப் பன்னிரண்டு நாளில், பழைய சைட்டில் கூட வேலை பார்த்தவர்கள், இப்போது வேறு கம்பெனியில் இருப்பவர்கள், டாமிட்டரியில் பக்கத்து ரூம், எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். எஸ்ஜி ஒர்க்பாஸ் செயலியில் உங்கள் கார்டை ஸ்கேன் செய்தால் பெர்மிட் முடிகிற தேதி வரும், மற்றவர் சொன்ன தேதியை நம்பாமல் அதிலிருந்து எண்ணுங்கள். ஒரு காலண்டரில் 40-ம் நாளையும் 21-ம் நாளையும் வட்டம் போட்டு பங்க் படுக்கை பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

புது முதலாளியிடம் பேசும்போது உங்கள் கையில் இருக்கிற பலத்தைச் சொல்லுங்கள். 15 வருட அனுபவம் சும்மா இல்லை. கோர் ட்ரேட், மல்டி ஸ்கில் என்கிற தேர்ச்சித் திட்டங்களில் ஒன்றை முடித்து ஹையர் ஸ்கில் ஆகியிருந்தால், உங்களுக்காக முதலாளி கட்டுகிற லெவி மாதம் 500 வெள்ளி, பேசிக் ஸ்கில் ஆளுக்கு 900 வெள்ளி. மாதம் 400 வெள்ளி அவருக்கு மிச்சம். இன்னும் முடிக்கவில்லை என்றால், அடுத்த பெர்மிட்டில் முதல் வேலையாக அதை முடியுங்கள், அப்புறம் யாரும் உங்களைச் சுலபமாக அனுப்ப நினைக்க மாட்டார்கள். ஏஜெண்ட் வழியாக மாறினால், சிங்கப்பூர் ஏஜென்சி ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது. பெர்மிட்டுக்கு முன் ஒப்புதலாக வருகிற ஐ.பி.ஏ கடிதம் உங்கள் மொழியிலும் வரும், அதில் எழுதியிருக்கிற அடிப்படைச் சம்பளத்தைப் படித்துவிட்டு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கேட்ட வாய்ஸ் மெசேஜை அழிக்காதீர்கள். வாயால் கேட்டிருந்தால் எந்த நாள், எந்த இடம், என்ன சொன்னார் என்று போனில் எழுதி வையுங்கள். மனிதவள அமைச்சில் நேராகப் புகார் கொடுக்கலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் மைக்ரண்ட் ஒர்க்கர்ஸ் சென்டர், டி.டபிள்யூ.சி.2, ஹோம் ஆகிய அமைப்புகள் இருக்கின்றன, உங்களைப் போன்றவர்களோடு பல வருடமாக வேலை செய்கிறவர்கள். எது நடந்தாலும், உங்களைத் திருப்பி அனுப்புகிற டிக்கெட் செலவு முதலாளியுடையது, அதற்கு முன் பாக்கிச் சம்பளம் முழுவதும் தீர்க்க வேண்டும்.

எச்-1பி-யின் உச்ச வரம்பான ஆறு வருடம் முடிய ஏழு மாதம் இருக்கிறது. கம்பெனி இப்போதுதான் கிரீன் கார்டின் முதல் படியான பெர்ம் (தொழிலாளர் சான்று) தொடங்கலாம் என்கிறது. முந்தைய கம்பெனியில் அடுத்த படியான ஐ-140 மனு வரை போனது, அப்புறம் நான் மாறிவிட்டேன். கிளம்ப வேண்டியதுதானா?
– வாசகர், டல்லாஸ்

கடிதத்தின் நடுவில், ஏதோ பழைய கதை போல, ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், ஐ-140 வரை போனது என்று. அந்த வரிதான் முக்கியம். அது ஒப்புதல் ஆனதா? ஒப்புதல் ஆகி 180 நாளாவது கழிந்திருந்தால், பழைய கம்பெனி அப்புறம் அதைத் திரும்பப் பெற்றிருந்தாலும், மோசடி போன்ற காரணத்துக்காக ரத்தாகாத வரை, உங்கள் இன்றைய கம்பெனி அதைக் காட்டி ஆறு வருடத்துக்கு மேல் மூன்று வருட நீட்டிப்பு கேட்கலாம். கிரீன் கார்டு வரிசையில் தேதி இன்னும் வராதவர்களுக்குத்தான் இது, இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். அந்த ஒப்புதல் நோட்டீஸின் நகலோ ரசீது எண்ணோ இல்லாவிட்டால் பழைய கம்பெனியின் எச்.ஆருக்கு எழுதுங்கள், அவர்கள் தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி அரசிடமே கேட்டு வாங்கலாம். இன்று ராத்திரியே பழைய மெயில்களைத் தேடுங்கள்.

ஒப்புதல் ஆகவில்லை என்றால் கணக்கு கொஞ்சம் நெருக்கம். பெர்ம் மனு போட்டு 365 நாள் ஆகியிருந்தால் ஒவ்வொரு வருடமாக நீட்டிக்கலாம், ஏழு மாதத்தில் அது ஆகாது. ஆனால் இந்த ஆறு வருடத்தில் நீங்கள் அமெரிக்காவுக்கு வெளியே கழித்த முழு நாட்களைத் திரும்பக் கேட்டு வாங்கலாம், ரீகேப்சர் என்பார்கள். வருடம் ஒருமுறை நான்கு வாரம் போய் வந்தவருக்கே ஐந்து மாதத்துக்கு மேல் சேர்ந்திருக்கும். ஐ-94 பயண வரலாறு (நாட்டுக்குள் வந்து போன அரசுப் பதிவு), பாஸ்போர்ட் முத்திரை, விமான டிக்கெட், எல்லாவற்றையும் வைத்து நாள் நாளாக ஒரு பட்டியல் போடுங்கள். விமானம் ஏறின நாளும் இறங்கின நாளும் கணக்கில் வராது, 24 மணி நேரம் முழுதாக வெளியே இருந்த நாள்தான். அந்த ஐந்து மாதமும் இந்த ஏழு மாதமும் சேர்ந்தால் ஒரு வருடம், ஆனால் பெர்ம் மனு போடுவதற்கு முன்னாலேயே சம்பள நிர்ணயம், விளம்பரம் என்று பல மாதம் போய்விடும், ஆகவே கம்பெனி தொடங்கலாம் என்று சொல்வது போதாது, எந்தத் தேதியில் என்று எழுத்தில் கேளுங்கள்.

அதுவும் எட்டாவிட்டால், அதே கம்பெனியின் வேறு நாட்டு அலுவலகத்தில் வேலையைத் தொடர்வது பலரும் எடுத்த வழி. அங்கே இருக்கும்போது ஐ-140 ஒப்புதல் ஆனால், எச்-1பி ஒதுக்கீட்டு லாட்டரிக்குள் மறுபடி போகாமல் திரும்ப முடியும். ஒரு எச்சரிக்கை மட்டும். 2025 செப்டம்பர் 21-லிருந்து, வெளிநாட்டில் இருப்பவருக்காகப் போடுகிற புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் என்ற அறிவிப்பு வந்தது. உள்ளே இருந்தபடி நீட்டிப்பவருக்கு அது இல்லை. அதனால் வெளியே போவதைக் கடைசி வழியாக வையுங்கள், போகும் முன் வக்கீலிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஸ்கில்டு ஒர்க்கர் விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டேன், பழையது அடுத்த வாரம் முடிகிறது. தங்கை கல்யாணத்துக்கு பத்து நாள் போய் வரலாமா?
– வாசகி, லெஸ்டர்

விண்ணப்பம் சரியான நேரத்தில் போயிருப்பதால், முடிவு வரும் வரை உங்கள் பழைய உரிமை தொடரும், வேலையும் செய்யலாம். 1971-ம் வருடக் குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவு அதைத் தருகிறது. ஆனால் பிரிட்டனையும் அயர்லாந்தையும் சேர்த்த அந்த வட்டாரத்தை விட்டு வெளியே கால் வைத்தால், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகவே எடுத்துக்கொள்வார்கள். திரும்பி வர விசா இருக்காது. முடிவு சீக்கிரம் வர முன்னுரிமைச் சேவையை உங்களுக்கு இப்போது சேர்க்க முடியுமா என்று விண்ணப்பத்தைப் போட்ட வக்கீலிடமோ கம்பெனியிடமோ இன்றே கேளுங்கள். முடியாவிட்டால் போகாதீர்கள். தங்கையிடம் நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்கள், அம்மா மூலமாகச் சொல்ல வேண்டாம்.

பர்மிட் முடிய மூன்று வாரம். வெளிநாட்டவர் அலுவலகத்தில் இரண்டு மாதத்துக்கு அப்பாயிண்ட்மென்டே இல்லை. வேலை போய்விடுமா?
– வாசகர், மியூனிக்

போகாது. ஜெர்மனியில் கணக்கு அப்பாயிண்ட்மென்ட் நாளில் இல்லை, நீங்கள் நீட்டிப்புக் கேட்ட நாளில் இருக்கிறது. பர்மிட் முடிவதற்குள் ஆன்லைனிலோ எழுத்திலோ கேட்டுவிட்டால், முடிவு வரும் வரை பழைய பர்மிட்டும் அதிலிருக்கிற வேலை உரிமையும் தொடர்வதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அனுப்பியதற்கான ஆதாரத்தைப் பத்திரமாக வையுங்கள், ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங் என்ற சான்றிதழையும் சேர்த்துக் கேளுங்கள், எச்.ஆருக்குக் காட்ட அதுதான் வேண்டும்.

கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்தால் விசா ரத்து சுமுகமாக முடியும், எழுதாவிட்டால் இழுத்தடிப்போம் என்கிறார்கள். மூன்று வருடம் வேலை செய்திருக்கிறேன்.
– வாசகர், துபாய்

எழுதிக் கொடுக்காதீர்கள். அவர்கள் நிறுத்துவதாக இருந்தால் அவர்களே நிறுத்தியதாக எழுதட்டும். 2023 ஜனவரியிலிருந்து எமிரேட்ஸில் வேலையிழப்புக் காப்பீடு இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரை இருப்பவர்களுக்கு மாதம் 5 திர்ஹம்தான் பிரீமியம். தொடர்ந்து 12 மாதம் கட்டியிருந்தால், வேலை போனபின் மூன்று மாதம் வரை அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் கிடைக்கும், இந்தப் பிரிவில் மாதம் 10,000 திர்ஹத்துக்கு மேல் போகாது. தானாக ராஜினாமா செய்தவருக்கு ஒரு பைசா கிடையாது. நீங்கள் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட நிமிடம் மூன்று மாத வாடகையும் சாப்பாடும் போய்விடும், அடுத்த வேலை தேட உங்களுக்கு வேண்டியதே அதுதான். வேலை போன 30 நாளுக்குள் அந்தக் காப்பீட்டைக் கேட்டாக வேண்டும், அதனால் பிரீமியம் விடாமல் கட்டியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், விட்டுப்போயிருந்தால் அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய நாள் இன்றுதான்.

மூன்று வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் வீதம் கிராஜுவிட்டி உண்டு, ஒப்பந்தம் முடிந்து 14 நாளுக்குள் எல்லாப் பாக்கியும் தீர்க்க வேண்டும். விசா செலவு, ஆள் எடுத்த செலவு என்று எதையும் அதில் கழிக்கக் கூடாது, அந்தச் செலவுகளைத் தொழிலாளி மேல் சுமத்துவதைச் சட்டம் தடுக்கிறது. விசா ரத்தானபின் எத்தனை நாள் தங்கலாம் என்பது உங்கள் விசாப் பிரிவைப் பொறுத்தது, ரத்துத் தாளில் அந்தத் தேதி இருக்கும், அதற்குள் புது முதலாளி கிடைத்தால் வெளியே போகாமலேயே மாறிக்கொள்ளலாம்.

அவர்கள் நீட்டுகிற தாள் எந்த மொழியில் இருந்தாலும், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லுங்கள். இன்றைக்கே வேண்டும் என்று அவசரப்படுத்தினால், அந்தத் தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழ் வரை காத்திருக்காமல் பதில் போடுகிறேன்.